வேலை வாங்கத் தெரிந்தவர்கள்

2009-இல் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஜூனியர் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த மூன்றாவது மாதம் அது. புதன்கிழமை காலை என் ஆர்டருக்கான துணி காம்பாக்டிங் (நீராவியில் அழுத்திச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் வேலை) முடிந்து வந்து இறங்கியது. பக்கத்து மேஜையில் இருந்த சீனியர் அக்காவின் துணி அன்று மதியம்தான் வந்தது. மறுநாள் மாலை கட்டிங் பக்கம் போய்ப் பார்த்தால், டேபிளில் அவருடைய துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னுடையது சுருட்டிய ரோலாகவே மூலையில் கிடந்தது.

நேராகக் கட்டிங் மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். "முதல்ல வந்தது என் துணிதானே மாஸ்டர்?" அவர் கோபப்படவில்லை. "உங்க துணியில லைக்ரா இருக்குதுங்க அம்மிணி, இழுபடற நூலு. ரோலைப் பிரிச்சு ஒரு நாள் ஆறப் போடாம எப்படி வெட்டறது? வெட்டினப்புறம் சுருங்கிடுங்களே. பிரிச்சுப் போடச் சொல்லி யாரும் சொல்லலீங்களே" என்றார். நான் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமையே எல்லாத் துறைகளுக்கும் மெயில் போட்டிருந்தேன், கலர் கலராகக் கட்டம் போட்ட அட்டவணையோடு. கட்டிங்கில் கம்ப்யூட்டரே கிடையாது என்பதை நான் கவனித்திருக்கவில்லை.

அன்று இரவு வீட்டில் அம்மாவிடம் அழுதேன். "அங்கே ஒரே பாலிடிக்ஸ்மா. அந்த அக்கா மாஸ்டரைக் கைக்குள்ள போட்டு வெச்சிருக்கு."

அந்த வாரம் அக்கா என்ன செய்திருந்தார் என்பது பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆர்டர் ஒன்றில் தைத்த பீஸ்கள் சுருங்கி அளவு குறைந்துபோய், பழி முழுவதும் மாஸ்டர் தலையில் விழுந்திருக்கிறது. எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு அது தெரியும். அதனால் திங்கட்கிழமை மாலை மாஸ்டர் டீ குடித்துவிட்டு வரும் நேரம் பார்த்துக் கட்டிங்கில் போய் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை கிலோ வருகிறது, அகலம் என்ன, லைக்ரா எவ்வளவு என்று சொல்லிவிட்டு, "இந்தத் தடவை துணி வந்ததும் பிரிச்சுப் போட்டுடலாம் மாஸ்டர், அப்புறம் அளவு குறைஞ்சுதுன்னு யாரும் உங்ககிட்ட வர முடியாது" என்றிருக்கிறார். மாஸ்டர் அப்போதே ஒரு ரேக்கைக் காலி செய்து வைத்துவிட்டார். துணி வந்து இறங்கியதும் பிரித்துப் போட இரண்டு பையன்கள் தயாராக நின்றிருக்கிறார்கள்.

இதில் காக்கா பிடித்தல் எங்கே இருக்கிறது? மாஸ்டர் எதற்குப் பயப்படுகிறார் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பயத்துக்கு மருந்தாகத் தன் வேலையைக் கொண்டுபோய் வைத்தார். துணிக்கும் நல்லது, மாஸ்டருக்கும் நல்லது, ஷிப்மெண்டும் நேரத்துக்குப் போனது. இதை நான் பாலிடிக்ஸ் என்று திட்டியது தவறு என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். அது பாலிடிக்ஸ்தான். அதுதான் அவருடைய வேலையின் பெரும்பகுதியும்.

நம் ஊர் ஆபீஸ்களில் பாலிடிக்ஸ் என்பது கெட்ட வார்த்தை. ஜால்ரா போடுவது, சோப்புப் போடுவது, போட்டுக்கொடுப்பது என்று அதற்கு எத்தனையோ சொற்கள் வைத்திருக்கிறோம். அதன் நல்ல பக்கத்துக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது, ஆனால் அதை இதோடு சேர்த்து யோசிப்பதில்லை. "அவருக்கு நெளிவு சுளிவு தெரியும்" என்கிறோம். "ஆளறிந்து பேசுவார்" என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்தது "வேலை வாங்கத் தெரிந்தவர்" என்பது. வேலை பார்க்கத் தெரிந்தவர் வேறு, வேலை வாங்கத் தெரிந்தவர் வேறு. நான் காலேஜில் படித்து வந்தது முதலாவதை மட்டும்.

மெர்ச்சண்டைசர் வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டு பையரிடமிருந்து ஆர்டர் வந்த நாளிலிருந்து, சரக்கு லாரி ஏறித் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற நாள் வரை அந்த ஆர்டருக்கு நாம்தான் பொறுப்பு. நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று இடையில் பத்துப் பதினைந்து கைகள். அவர்களில் ஒருவர்கூட நமக்குக் கீழே வேலை செய்பவர் இல்லை. பாதிப்பேர் நம் கம்பெனிக்காரர்களே இல்லை. யாருக்கும் நாம் உத்தரவு போட முடியாது, யாருடைய சம்பளத்தையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் ஒருவர் இரண்டு நாள் தாமதித்தாலும் கேள்வி நம்மிடம்தான் வரும். கப்பலைத் தவறவிட்டால் சரக்கு விமானத்தில் போகும், அந்த ஆர்டரின் லாபமும் அதோடு போகும்.

இப்படி ஒரு வேலையில் ஒருவரின் திறமையை எதை வைத்து அளப்பது? இங்கிலீஷ் மெயில் நன்றாக எழுதுவதையா, அட்டவணை அழகாகப் போடுவதையா? அதெல்லாம் எனக்கு அக்காவை விட நன்றாகவே வரும். ஆனால் அவருடைய ஆர்டர்கள் நகர்ந்தன, என்னுடையவை நின்றன.

2016-இல் தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. சேர்ந்தபோது, பிராஜக்ட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த நாட்களில்தான் இதற்கு ஒரு படிப்பே இருக்கிறது என்று தெரிந்தது. நிறுவனங்களுக்குள் ஒருவருக்கு இருக்க வேண்டிய 'அரசியல் திறன்' பற்றி 1981-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி பெஃபர் எழுதியிருக்கிறார். 1983-இல் கனடாவின் ஹென்றி மின்ட்ஸ்பெர்க்கும் எழுதினார். அப்புறம் இருபது வருடத்துக்குப் பிறகு ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஃபெரிஸும் அவருடன் இருந்தவர்களும் இதை அளக்க ஓர் அளவுகோலைச் செய்து 2005-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 18 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எந்த அளவு பொருந்துகிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும்.

அவர்கள் சொல்வதன் சாரம் இது: கூட வேலை செய்பவர்களைச் சரியாகப் புரிந்துகொண்டு, அந்தப் புரிதலை வைத்துத் தன் நோக்கமோ நிறுவனத்தின் நோக்கமோ நிறைவேறும்படி அவர்களை நடக்க வைக்கும் திறன். அதை நான்கு கூறாகப் பிரிக்கிறார்கள். எதிரில் இருப்பவரையும் சூழ்நிலையையும் படிக்கும் கூர்மை. ஆளுக்குத் தக்கபடி பேசி இணங்க வைக்கும் திறமை. தொடர்புகளைச் சேர்த்து வைத்திருப்பது. நான்காவதாக, உள்நோக்கம் இல்லாதவராக, உண்மையானவராக மற்றவர்களுக்குத் தெரிவது.

முதல் கூறைப் படித்தபோது எனக்குச் சனிக்கிழமைகள்தான் ஞாபகம் வந்தன. திருப்பூரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை மாலை பட்டுவாடா. தையலில் பலர் பீஸ் ரேட்டில் தைப்பவர்கள். அந்த வாரம் எத்தனை பீஸ் தைத்தார்களோ அத்தனைக்குத்தான் காசு. சனிக்கிழமை காலையில் போய், "அவசரமா மூணு சாம்பிள் தெச்சுக் குடுங்க" என்று கேட்டால் யார் தைப்பார்கள்? மெஷினில் நூல் மாற்ற வேண்டும், புது டிசைன் கைக்குப் பழக வேண்டும், அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வழக்கமான பீஸ்களை எவ்வளவோ தைத்திருப்பார். நான் இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் சாம்பிளுக்காகக் கெஞ்சிக்கொண்டு நின்றிருக்கிறேன். மறுப்பவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்திருக்கிறேன். அக்கா சாம்பிளைச் செவ்வாய்க்கிழமை கொடுப்பார். ரொம்ப அவசரம் என்றால், "இந்த ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு என்ன போட்டுத் தருவீங்க?" என்று முதலில் காண்ட்ராக்டரிடம் பேசி முடித்துவிட்டு, அப்புறம்தான் டெய்லரிடம் போவார். அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேட்பது. கூர்மை என்று ஆய்வாளர்கள் சொல்வதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

தொடர்புகள் விஷயத்தில் 2011-ஐப் போல ஒரு பாடம் எங்களுக்கு வேறு எப்போதும் கிடைத்ததில்லை. நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில், அந்த வருடம் ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஆறு செத்துக்கொண்டிருந்தது, விவசாயிகள் பல வருடம் போராடியிருந்தார்கள், அந்த உத்தரவில் நியாயம் இருந்தது. ஆனால் எங்களுக்கு அன்று காலையில் தெரிந்தது ஒன்றுதான்: துணிக்குச் சாயம் போட ஊரில் இடமில்லை.

எல்லோரும் தெரிந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும்தான். வெளி மாநில டையிங் கம்பெனிகளின் நம்பரை இணையத்தில் தேடி எடுத்து, என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ரேட் கேட்டேன். யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவர்களுக்கு அன்று திருப்பூரிலிருந்து எத்தனை போன் வந்திருக்கும்! அக்கா முதல் போனை பையருக்குப் போட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். நம் ஆர்டரில் கிரே மெலாஞ்ச் ஸ்டைல்கள் சில இருக்கின்றன, அது பஞ்சிலேயே நிறம் சேர்த்து நூற்ற நூல், துணிக்குத் தனியாகச் சாயம் போட வேண்டாம், அவற்றை முன்னால் அனுப்புகிறோம், மற்ற கலர்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கேட்டார். பையரான அந்தப் பெண்மணி ஒத்துக்கொண்டார். இரண்டாவது போன் எங்கள் பழைய டையிங் மாஸ்டருக்கு. பட்டறை மூடியதால் வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதர். அவர் தனக்குத் தெரிந்த வெளி மாநில ஆட்களிடம் சொல்லி இடம் பிடித்துக் கொடுத்தார். அவருக்கு வேலை போன அன்று, நலம் விசாரிக்கக் கூப்பிட்ட ஒரே கம்பெனிக்காரர் அக்கா என்று பிற்பாடு என்னிடம் அவரே சொன்னார்.

பையர் ஏன் ஒத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் தேதி விஷயத்தில் பொய் சொல்வது சகஜம். துணியே வராதபோது தையலில் இருக்கிறது என்போம். தையலில் இருக்கும்போது பேக்கிங் நடக்கிறது என்போம். அக்கா நான் பார்த்தவரை அப்படிச் சொன்னதில்லை. நான்கு நாள் தாமதம் என்றால் நான்கு நாள் என்று முன்கூட்டியே சொல்லி, திட்டு வாங்கிக்கொள்வார். அந்தத் திட்டுகளின் பலன் 2011-இல் வந்தது.

இதனால்தான் அந்த நான்காவது கூறு என்னைத் தொந்தரவு செய்தது. உண்மையானவராக 'இருப்பது' என்று அவர்கள் சொல்லவில்லை. 'தெரிவது' என்கிறார்கள். படித்த முதல் நாள் எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம் யோசித்தால், அவர்கள் அளக்க வந்தது மற்றவர்கள் மனதில் விழும் பிம்பத்தைத்தான், அதனால் அந்தச் சொல் பொருத்தமே. ஆனால் அந்த இடைவெளி நிஜமானது. 2007-இல் டேரன் ட்ரெட்வேயும் மற்றவர்களும் செய்த ஓர் ஆய்வில், மேலதிகாரியிடம் இச்சகம் பேசுபவர்களில் இந்தத் திறன் அதிகம் உள்ளவர்கள் பேசுவதை அதிகாரி இச்சகம் என்றே அடையாளம் காண்பது குறைவு என்று கண்டார்கள். திறன் இல்லாதவர் பேசினால் உடனே பல்லிளிக்கும். திறன் உள்ளவர் பேசினால் அது பாசமாகத் தெரியும்.

அப்படி ஒருவரை நானும் பார்த்தேன். எங்களோடு இருந்த இன்னொரு மெர்ச்சண்டைசர். மேலே இருப்பவர்களிடம் அவர் பேசுவதைப் பார்க்க வேண்டும், அத்தனை இயல்பாக இருக்கும். அவர்களுக்குப் பிடித்த கோயில், பிடித்த ஹோட்டல், குழந்தையின் பிறந்தநாள் எல்லாம் அத்துப்படி. கட்டிங்கில், செக்கிங்கில், பேக்கிங்கில் யார் பெயரும் அவருக்குத் தெரியாது. பிழை வந்தால் மேலே ஓடிப்போய் முதலில் சொல்லிவிடுவார், பழி கீழே இறங்கும். அவருடைய ஷிப்மெண்ட் இரண்டு தடவை விமானத்தில் போனது. அந்த வருடம் எங்கள் மூவரில் அதிக இன்கிரிமெண்ட் அவருக்குத்தான் கிடைத்தது. அக்காவுக்கு அவரை விடக் குறைவு. அதை நான் இன்றைக்கும் அநியாயம் என்றுதான் சொல்வேன். அடுத்த வருடம் அவருடைய துணி எந்த டேபிளிலும் ஏறவில்லை. இன்னொரு கம்பெனிக்கு மாறிப் போய்விட்டார், இன்னும் கூடுதல் சம்பளத்தில்.

ஆய்வுகள் ஒட்டுமொத்தமாக என்ன சொல்கின்றன என்று பார்த்தால், இந்தத் திறனுக்கும் நல்ல வேலைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. 2015-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, உற்பத்தித்திறன், வேலையில் திருப்தி, நற்பெயர், தொழில் வளர்ச்சி எல்லாவற்றோடும் இது சேர்ந்தே போகிறது என்கிறது. அதைவிட 2011-இல் வந்த ஒன்றுதான் எனக்கு முக்கியம். அது வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, ஒருவருக்கென்று விதித்த பணியைச் செய்வது. மற்றது, கூட இருப்பவருக்கு உதவுவது, சுமுகமாக நடந்துகொள்வது போன்ற, யாரும் விதிக்காத பணி. அரசியல் திறனுக்கு இரண்டோடும் தொடர்பு உண்டு, ஆனால் இரண்டாவதோடு நெருக்கம் அதிகம். அத்துடன், ஆட்களோடு பழக வேண்டிய தேவை எந்தத் தொழிலில் அதிகமோ, அங்கே இந்தத் தொடர்பும் வலுக்கிறது.

சரி, ஆனால் அந்த மதிப்பெண்களைப் போடுவது யார்? பல ஆய்வுகளில் மேலதிகாரிதான். எங்கள் மூன்றாவது ஆளுக்கு அதிக இன்கிரிமெண்ட் கொடுத்தவரும் மேலதிகாரிதான். நல்ல வேலையையும் நன்றாகத் தெரிகிற வேலையையும் ஒரே கண் பார்க்கிறது என்றால், திறனின் பலன் எவ்வளவு, தோற்றத்தின் பலன் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? இந்தக் கேள்விக்கு எனக்கு ஓரளவு நிம்மதி தந்தது 2004-இல் அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் குழந்தைகள் நலத்துறையில் நடந்த ஆய்வு. அங்கே குழுத் தலைவர்களின் அரசியல் திறனை, அந்தக் குழு எத்தனை குழந்தைகளுக்குச் சட்டப்படி நிரந்தரமான வீட்டை ஏற்படுத்திக் கொடுத்தது என்பதோடு வைத்துப் பார்த்தார்கள். திறன் உள்ள தலைவர்களின் குழுக்கள் மேலாக இருந்தன. ஒரு குழந்தை ஒரு வீட்டில் சேர்ந்ததா இல்லையா என்பதில் சோப்புக்கு இடமில்லை. எங்கள் தொழிலில் அதற்குச் சமம் கப்பல் தேதி.

இன்னொரு விஷயம், எனக்கு மட்டுமே வலித்த விஷயம். 26 வயதில் எனக்கு அல்சர் வந்தது. பையர் ஒரு பக்கம் இழுப்பார், ஃபேக்டரி இன்னொரு பக்கம் இழுக்கும், நடுவில் நான். சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தாலே வயிறு எரியும். அதே நெருக்கடியில்தான் அக்காவும் இருந்தார், ஆனால் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகச் சாப்பிடுவார். அவருக்கு அக்கறை குறைவு என்று நினைத்திருக்கிறேன். 2004-இல் பமேலா பெர்ரெவேயும் மற்றவர்களும், இப்படி இரண்டு பக்கமும் இழுபடும் வேலையில் இருப்பவர்களின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அரசியல் திறன் அதிகம் உள்ளவர்களின் உடலில் அந்த இழுபறியின் பாதிப்பு குறைவாக இருந்தது. யாரிடம் என்ன கேட்டால் எது நடக்கும் என்று தெரிந்தவருக்கு, கை மீறிப் போவது குறைவு. அதைப் படித்த அன்று அக்காவின் டிபன் பாக்ஸ் கண் முன்னால் வந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. இந்தத் திறனை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. அதை வளர்க்கும் இடங்கள் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. திருப்பூரில் பாதிக் காரியம் ராத்திரி 9 மணிக்கு மேல் டீக்கடையில் நின்று பேசும்போதுதான் முடிகிறது. அங்கே நான் போய் நிற்க முடியாது. நின்றால் மறுநாள் வேறு பேச்சு வரும். அப்புறம், "எந்த ஊருங்க?" என்ற கேள்வி. கேட்பவர் ஊரை மட்டும் கேட்பதில்லை என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பதில் சரியாக அமைந்தால் "நம்ம பையன்" ஆகிவிடலாம், பத்து வருடப் பழக்கத்தில் கிடைக்காதது அந்த ஒரு பதிலில் கிடைத்துவிடும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. ஒரு லைன் சூப்பர்வைசர் அவர்களுக்காக ஹிந்தி கற்றுக்கொண்டார், மூன்று மாதத்தில் அவருடைய லைனில் ஆட்கள் வேலையை விட்டு ஓடுவது நின்றது. அப்படிச் சிலர் உண்டு. ஆனால் மற்ற இடங்களில், பதினெட்டு வாக்கியத்துக்கும் ஏழு ஏழு மதிப்பெண் வாங்கக்கூடிய ஒரு பெண் செக்கிங் டேபிளிலேயே இருபது வருடம் இருந்துவிட்டுப் போவாள். கதவு மூடியிருப்பதைத் திறன் குறைவு என்று எழுதிவிடுகிறோம்.

இப்போது எனக்குக் கீழே எட்டு பேர் இருக்கிறார்கள். வேறு கம்பெனி. வருடா வருடம் ஏப்ரலில் அவர்களுக்கு மதிப்பெண் போட வேண்டியது நான். என் கண்ணை மட்டும் நம்பக்கூடாது என்று முடிவெடுத்து நான்கு வருடம் ஆகிறது. முதலில் தேதிகளை எடுத்து வைத்துக்கொள்வேன்: எத்தனை ஷிப்மெண்ட் நேரத்துக்குப் போனது, எத்தனை விமானத்தில் போனது. பிறகு கட்டிங், தையல், பேக்கிங் ஆட்களிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "அடுத்த அவசர ஆர்டர் இவங்களோடதுன்னா சந்தோஷமா செய்வீங்களா?" யார் பெயரைச் சொன்னதும் முகம் மாறுகிறது என்பதிலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பழைய கம்பெனியில் மேலே இருப்பவர்களிடம் மட்டும் பேசிய அந்த மெர்ச்சண்டைசர் இந்தக் கேள்வியைத் தாண்டியிருக்க மாட்டார்.

ஆனால் எனக்கு இன்னும் தடுமாற்றம் தரும் ஒருவர் இருக்கிறார். பேட்டர்ன் போடுபவர், அதாவது உடையின் ஒவ்வொரு பாகத்துக்கும் வெட்டு வடிவம் வரைபவர். காலையில் வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். யாரிடமும் பேச மாட்டார், டீ சமயத்தில்கூட. அந்த வடிவங்களைத் துணியில் அடுக்கி அவர் போடும் மார்க்கரில் துணி வீணாவது அவ்வளவு குறைவு. எனக்கு முன்னால் இருந்தவர் "டீம் வொர்க்" என்ற கட்டத்தில் அவருக்கு மூன்று வருடம் தொடர்ந்து குறைவாகவே போட்டிருந்தார். 2011 ஆய்வை நான் அவருக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். அவருடைய வேலைக்கு அந்தக் கட்டம் அவ்வளவு தேவையே இல்லை. அந்தக் கட்டத்தை அவர் படிவத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று ஹெச்.ஆரிடம் கேட்டேன், எல்லோருக்கும் ஒரே படிவம்தான் என்றார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். ஹெச்.ஆர். மேடத்துக்கு மார்ச் மாதம் தணிக்கை நெருக்கடி, அதனால் இந்த வருடம் பிப்ரவரியிலேயே போய்ப் பேசினேன். கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

போன மாதம் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னதாக, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க் யூனிட் வைத்திருக்கிறார், பன்னிரண்டு மெஷின். அந்தப் பதினெட்டு வாக்கியங்களையும் தமிழில் மாற்றி ஒவ்வொன்றாகச் சொல்லி, மதிப்பெண் போடச் சொன்னேன். வேலையிடத்தில் தொடர்புகளைப் பெருக்க நிறைய நேரம் செலவிடுவீர்களா என்பதற்கு 2 போட்டார். "அதுக்கெல்லாம் எங்க கண்ணு நேரம்?" செல்வாக்கு உள்ளவர்களைத் தெரிந்து வைத்திருக்கிறீர்களா என்பதற்கு 1. "எனக்கு யாரைத் தெரியும்?" மற்றவர்களிடம் உண்மையான அக்கறை காட்டுவீர்களா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தார். "காட்டறதுன்னா என்ன கண்ணு?" என்று கேட்டுவிட்டு, அதற்கு எண் சொல்லவே இல்லை. மொத்தத்தில் நான் எனக்குப் போட்டுக்கொண்டதை விடக் குறைவாக வந்தது.

கணக்கை எழுதி முடிப்பதற்குள் அவர் பேச்சை மாற்றிவிட்டார். "அதை விடு. நம்ம கட்டிங் மாஸ்டருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆச்சாமே, போய்ப் பாத்தியா?"

எனக்குத் தெரியாது. பழைய கம்பெனியை விட்டு வந்த பிறகு அவரோடு பேசியே ஆறு வருடம் இருக்கும். வீடு எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். "சனிக்கிழமை போகாத, அன்னைக்கு அவரு பொண்ணு வீட்டுல விசேஷம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். வாசலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "லைக்ரா அம்மிணி" என்று உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார். "காப்பி போடு."